ஆயிரம் என்று பெயர் வைத்தது நான்தான்

கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில், அடுத்தவன் கடை வாசலில், வெங்காய மூட்டையின் மேல் உட்கார்ந்து தொழில் தொடங்கியவன் நான். இன்றைக்கு அதே தெருவில் எனக்கு மூன்று தட்டு மாடிக் கடை இருக்கிறது. அது ஒரு தடவை எரிந்து போனது. எரிந்த இடத்திலேயே, கரியைக் கழுவிவிட்டுத் திரும்பக் கட்டினேன். கட்டுகஸ்தோட்டையில் பாறைதான் வரும், தண்ணீர் வராது என்று எல்லாரும் சொன்ன காணியில் கிணறு வெட்டினேன். வந்தது. பக்கத்து வீடுகளும் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கின்றன. லொறி ஓடுகிறது. பிள்ளைகள் மூவரையும் நான் எட்டிப் பார்க்காத படிப்பெல்லாம் படிக்க வைத்தேன். கோயிலுக்கு வாசல் கதவு போட்டுக் கொடுத்தேன். அதில் என் பெயரைத் தப்பாக வெட்டிவிட்டார்கள், அது வேறு கதை. இவ்வளவும் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் செய்தது. யார் கை கொடுத்தார்கள் என்று கேட்டால், நான் என் இரண்டு கையையும் காட்டுவேன்.

இப்போது அந்தக் கைகள் நடுங்குகின்றன. முழங்கால் ஏணிப்படியைக் கண்டாலே முனகுகிறது. காலையில் எத்தனை மில்லிகிராம், இரவில் எத்தனை மில்லிகிராம் என்பதுதான் என் வாழ்க்கை. போன வாரம் டொக்டர், "ஐயா, ஒரு பத்துக் குறைக்கணும்" என்றார். "பத்து என்ன?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நான் ஏன் அப்படிக் கேட்கிறேன் என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ஹேவாஹெட்டப் பக்கத்து நம் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு நினைவு மலர் போடுகிறார்கள். மலரைத் தொகுப்பது என் அக்கா மகள். அவள் இப்போது பெரிய பள்ளிக்கூடம் ஒன்றில் அதிபர். என்னிடம் வாழ்த்துச் செய்தியும், கடைக்கு ஒரு முழுப் பக்க விளம்பரமும் கேட்டாள். கூடவே அச்சுப் பிரதியையும் அனுப்பியிருந்தாள். அதில் ஒரு பத்தியைப் படித்தேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தேன். ஆகவே, என்னோடு அந்தத் தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து படித்தவர்களே, இது வாழ்த்துச் செய்தி இல்லை.

உங்களுக்கு அந்தப் பருவம் ஞாபகம் இருக்கும். பவுண்டு என்று வெள்ளைக்காரன் சொன்ன ராத்தல் போய்க் கிலோ வந்த பருவம்.

முதலில் வந்தது பள்ளிக்கூடத்துக்கு. நம் மாஸ்டர் வடக்கே தன் ஊரிலிருந்து திரும்பும்போது நீளமான கடதாசிப் படம் ஒன்றைச் சுருட்டிக் கொண்டுவந்தார். அதில் பசை வாசம் அடித்தது. கிலோ, ஹெக்டோ, டெக்கா, டெசி, சென்டி, மில்லி என்று மேலிருந்து கீழே படி இறங்குகிற மாதிரி எழுதியிருந்தது. நாம் அதைப் பாட்டாகப் பாடினோம். பொருள் தெரியாது, ராகம் இருந்தது. கரப்பான் பூச்சி அந்தப் படத்தின் ஓரத்தைத் தின்றுவிட்டது. 'மில்லி'யில் 'மி' மட்டும் மிஞ்சியது.

ஒரு நாள் மாஸ்டர் என்னை எழுப்பிக் கேட்டார்.

"கடையில போய்ச் சீனி என்னெண்டு கேப்பாய்?"

"ஒரு கிலோ தாங்கன்னு கேப்பேன் சேர்."

"கிலோ எண்டால் என்ன?"

"சீனி, சேர்."

பிரம்பு விழுந்தது. "கிலோ எண்டால் ஆயிரம். வெறும் ஆயிரம். கடைக்காரனிட்ட 'ஆயிரம் தாங்கோ' எண்டு கேட்டால் அவன் என்ன தருவான்? ஆயிரம் மிளகாயோ? ஆயிரம் கிழவியளோ? ஆயிரம் என்ன எண்டு சொல்லவேணுமோ இல்லையோ?"

"சொல்லணும் சேர்."

"கிராம். ஆயிரம் கிராம். கிலோ எண்டது கிரேக்கரின்ர சொல்லு. அவங்கள் ஆயிரத்தைக் கீலியோய் எண்டுதான் சொன்னவங்கள். பிரெஞ்சுக்காரன் எடுத்து வாலை வெட்டிப்போட்டுக் கிலோ ஆக்கினவன்."

"கிலியில இருந்து வந்ததா சேர்?" என்றேன். வகுப்பே சிரித்தது. மாஸ்டரும் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "ஓம், உனக்குக் கிலிதான்" என்று இன்னும் ஒன்று போட்டார். உள்ளங்கை கொழுந்து மாதிரிச் சுருண்டது.

அடுத்து கிலோ வந்தது, தேயிலைக் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு. புதுத் தராசு மாட்டினார்கள். வெள்ளை முகம், கறுப்பு முள். முதல் நாள் அங்கே நடந்த சண்டை மலைக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். முப்பது ராத்தல் பறிக்கிற கைக்குக் கணக்கப்பிள்ளை "பதினாலு" என்று கத்தினால் சும்மா விடுவார்களா?

"மிச்சம் எங்கங்கையா போச்சு? முள்ளு தின்னிருச்சா?"

"கிலோ பெருசும்மா. ராத்தல் சின்னது. உங்க கொழுந்து அப்படியேதான் இருக்கு."

"பெருசுன்னா பெருசா சொல்லுங்க. சின்னதா சொல்லிட்டுப் பெருசுங்கிறீங்க?"

கொஞ்ச நாளில் பழகிவிட்டது. நம் பெண்களே ஒரு கணக்குக் கண்டுபிடித்தார்கள். 'ரெண்டு மடங்கு, மேல ஒரு கைப்பிடி.' எந்தப் படத்திலும் இல்லாத கணக்கு அது. தப்பவும் இல்லை.

நான் அப்போது அக்கா வீட்டில் இருந்தேன். அம்மா போன பிறகு அக்காதான் என்னைத் தன்னோடு லயத்துக்கு, தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக்கு, கூட்டிக்கொண்டு போனாள். மச்சான் நல்லவர்தான், ஆனால் அவருடைய அம்மா சொல்வதுதான் அந்த ஒற்றை அறைக் காம்பராவில் சட்டம். அவரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். அக்காவுக்கு முதல் பிள்ளை பிறந்திருந்தது. பெண். தொடையில் மடிப்பு மடிப்பாகச் சதை. தலையில் பால் வாசமும் தேங்காயெண்ணெய் வாசமும். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் என் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுக்கும். இன்றைக்கு அது அதிபர் கதிரையில் உட்கார்ந்து மற்றவர்களை இழுக்கிறது.

மாதத்துக்கு ஒரு தடவை பஸ் பாதையோரத்தில் இருந்த கிளினிக்கில் பிள்ளையை நிறுப்பார்கள். அக்காவோடு குடை பிடித்துப் போவது நான்தான். அங்கே இருந்த வயசான மருத்துவிச்சியம்மா, "பன்னெண்டு ராத்தல், ராசாத்தி" என்று வாய் நிறையச் சொல்லி அனுப்புவார். அடுத்த மாதம் போனபோது அவர் இல்லை, மாற்றலாகிப் போய்விட்டார். புதிதாக, மிஸி என்று எல்லாரும் கூப்பிடும் ஒரு சிங்களத் தாதி வந்திருந்தார். தொங்குகிற தராசும் இல்லை. மேசை மேல் பச்சை நிறத்தில் ஒன்று இருந்தது. நல்ல மழை, கூட்டம், ஈரச் சேலை நாற்றம், எல்லாப் பிள்ளையும் ஒன்றாகக் கத்துகிறது. மிஸி எங்கள் பிள்ளையைக் கிடத்தினார், பார்த்தார், சிங்களத்தில் "ஹயய்" என்றார்.

ஆறு.

அக்கா தமிழில் கேட்டாள், "ஆறா?"

மிஸி தலையாட்டினார். அடுத்த பிள்ளையை நீட்டிவிட்டார்கள்.

அக்கா வழி முழுக்கப் பஸ்ஸில் பிள்ளையின் காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அக்காவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அந்த ஒன்றில் மட்டும் நான் அவளைப் போல இல்லை, இல்லாவிட்டால் வியாபாரம் செய்திருக்க முடியாது.

"பன்னெண்டு இருந்தது ஆறாப் போச்சா?" அத்தை கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார்.

"குண்டாத்தானே அத்தை இருக்கு, பாருங்க."

"குண்டு இல்லடி அது. காத்து. உள்ளுக்கு ஒண்ணும் இல்ல. உன் பாலுல கனமில்ல."

நான் மூலையில் ரொட்டிப் பாண் தின்றுகொண்டிருந்தேன். வாயில் பாணோடு கேட்டேன். "ஆறு என்னன்னு மிஸி சொல்லலியே அத்தை?"

"என்னன்னா என்னடா? ஆறுன்னா ஆறுதான்."

"ஆறு கிலோவா இருக்கும்."

அத்தை என்னைப் பார்த்த பார்வை இன்னும் முதுகில் இருக்கிறது. "புள்ள என்ன கொழுந்தாடா, கிலோவுல நிறுக்க?"

சிரிக்காதீர்கள். அன்றைக்கு அந்த லயத்தில் யாரும் சிரிக்கவில்லை. கொழுந்து துரையுடையது, அதைக் கிலோவில் நிறுப்பார்கள். அரிசி, கோதுமை மா எல்லாம் கடைக்காரனுடையது, அதுவும் கிலோவில் போகட்டும். பிள்ளை நம்முடையது. பிள்ளை ராத்தலில்தான் பிறக்கும், ராத்தலில்தான் வளரும். இதற்கு மேல் யாரும் யோசிக்கவில்லை. இன்றைக்கும் பாண் வாங்கப் போனால் ராத்தல் என்றுதானே கேட்கிறோம்? கண்டியில் எந்தப் படித்தவரும் 'நானூற்றைம்பது கிராம் பாண்' என்று கேட்டு நான் கண்டதில்லை.

இதில் துயரம் என்னவென்றால், அதற்குப் பிறகுதான் பிள்ளை உண்மையாகவே மெலியத் தொடங்கியது. அக்கா பால் கொடுக்கக் கூடாது என்று அத்தை சொல்லிவிட்டார். மல்லிகைப் பூவை நெஞ்சில் வைத்து இறுக்கித் துணி கட்டினார்கள், பால் வற்ற. காம்பரா முழுக்க மல்லிகை வாசம். எனக்கு இன்றுவரை அந்த வாசம் ஆகாது. என் கல்யாணத்தில்கூட மாலைக்கு வேறு பூதான். பிள்ளைக்குத் தகரப் பாலைக் கரைத்துக் கரண்டியில் கொடுத்தார்கள். துப்பியது. கத்தியது. கத்திக் கத்திக் குரல் கம்மி, பூனைக்குட்டி மாதிரி முனகியது. அக்கா கொழுந்து பறிக்கப் போகும்போது சேலையின் முன்பக்கம் நனைந்திருக்கும். மழை என்று சொல்லுவாள்.

புசல்லாவையில் மச்சானின் ஒன்றுவிட்ட அண்ணி இருந்தார். அவருக்கும் கைப்பிள்ளை, நல்ல பால் என்று பெயர். பிள்ளையை அங்கே கொடுத்துவிடுவது என்று முடிவாயிற்று. வளர்ந்து, நடக்கத் தொடங்கிய பிறகு பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை அண்ணி பஸ்ஸில் வந்து எடுத்துப் போவதாக ஏற்பாடு. மச்சான் தலையைக் குனிந்துகொண்டு "சரிம்மா" என்றார். அக்கா பிள்ளையின் சட்டைகளைத் துவைத்து, அடுப்புக்கு மேலே கயிற்றில் காயப் போட்டாள். புகை வாசத்தோடு மடித்து வைத்தாள். எல்லாவற்றையும் மடித்துவிட்டு ஒன்றை மட்டும் தன் தலையணை உறைக்குள் வைத்ததை நான் பார்த்தேன்.

மாஸ்டர் விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தார். தோட்டத்து டொக்டர் ஐயா பக்கத்துத் தோட்டத்தில் இருந்தார், இங்கே எப்போதாவது வருவார். கேட்க ஆளில்லை. பூட்டியிருந்த பள்ளிக்கூடத்தின் ஜன்னல் இடுக்கால் அந்தப் படம் தெரிந்தது. கிலோ, ஹெக்டோ, டெக்கா. ஆயிரம் என்ன? ஆறு என்ன?

சனிக்கிழமை பின்நேரம், கொழுந்து நிறுக்கிற நேரத்தில், பிள்ளைக் காம்பராவுக்குப் போனேன். தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை அங்கேதான் விடுவார்கள். அங்கிருந்த ஆயாவிடம், "அக்கா பாப்பாவைக் கேட்டாங்க" என்றேன். பொய்தான். சொன்னேனே, எனக்கு வரும் என்று. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மடுவத்துக்கு ஓடினேன்.

வரிசை நின்றது. பச்சைக் கொழுந்தின் வாசமும் ஈரச் சாக்கின் வாசமும். நான் நேரே தராசுக்கு முன்னால் போய் நின்றேன். ஒருத்தியின் வெறுங் கூடையை வாங்கி, பிள்ளையின் கம்பளியைப் போட்டுக் கொக்கியில் மாட்டினேன். முள் இரண்டில் நின்றது. கூடையை இறக்கி, பிள்ளையை உள்ளே வைத்தேன்.

கணக்கப்பிள்ளை பென்சிலைக் காதில் செருகினார். "டேய், இது என்ன கொழுந்துடா?"

"அரும்புங்கையா."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். யாரோ, "புள்ளைய நிறுத்தா தேஞ்சு போயிரும்டா, எடுடா!" என்று கத்தினார்கள். அக்கா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். பிடுங்கிக்கொள்ளத்தான் வந்தாள். நான் சொன்னேன், "அக்கா, மிஸி சொன்ன ஆறு இதே ஆறான்னு பாத்துருவோம்."

அவள் நின்றாள். என்னைப் பார்த்தாள். பிறகு கூடையைத் தன் கையாலேயே தூக்கிக் கொக்கியில் மாட்டினாள். மாட்டிவிட்டு இரண்டு உள்ளங்கையையும் கூடைக்கு அடியில் விரித்துப் பிடித்தாள். தொடவில்லை. தொட்டால் எடை மாறிவிடும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் விழுந்தால் பிடிக்க வேண்டும். நடுவில் ஒரு விரல் இடைவெளி. நான் கட்டின எந்தக் கட்டடமும் அந்த இடைவெளி மாதிரி நேராக நின்றதில்லை.

முள் ஆடியது. எட்டுக்கு ஒரு நூல் கீழே நின்றது.

"எட்டு," என்றார் கணக்கப்பிள்ளை, பழக்கத்தில். "கூடைக்கு ரெண்டு கழிச்சா ஆறு. நனைஞ்சிருக்கு, தண்ணிக்கு ஒண்ணு கழிக்கணும்."

"எங்க கொழுந்துலதான் தண்ணிக்குக் கழிச்சீங்க, புள்ளையிலயுமாங்கையா?" என்றாள் ஒருத்தி. மடுவமே வெடித்துச் சிரித்தது. அந்தச் சிரிப்புக்குள்ளே ஒரு குரல் மட்டும் சிரிக்காமல் கேட்டது.

"ஆறா? மிஸி சொன்னதும் ஆறுதானே?"

சிரிப்பு நின்றது. இப்போது எல்லாப் பெண்களும் ஒன்றாகக் கணக்குப் போட்டார்கள். அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. "ரெண்டு மடங்கு, பன்னெண்டு. மேல ஒரு கைப்பிடி."

"பதிமூணு!"

"அடியே, புள்ள பதிமூணு ராத்தல்டி!"

நான் கத்தினேன், "ஆறாயிரம்! ஆறாயிரம் கிராம் எங்க புள்ள!" மாஸ்டர் கேட்டிருந்தால் பிரம்பைக் கீழே போட்டிருப்பார்.

"ஆறாயிரமாம்! அம்மாடி! கொண்டா அந்த ஆயிரத்தை இங்க!" என்று கூடையிலிருந்து பிள்ளையை எடுத்துக் கைக்குக் கை மாற்றினார்கள். அன்றிலிருந்து அவள் பெயர் ஆயிரம். பள்ளிக்கூடப் பதிவில் வேறு பெயர். லயத்தில் ஆயிரம்தான்.

யாரோ ஓடிப் போய்ச் சொல்லி அத்தை வந்துவிட்டார். மூச்சிரைக்க வந்தவர் முதலில் என்னைத்தான் தேடினார், அடிக்க. பெண்கள் மறித்துக்கொண்டு, "பதிமூணு பெரியம்மா, பதிமூணு" என்றார்கள். அவர் கொழுந்து சிதறிக் கிடந்த தரையில் அப்படியே உட்கார்ந்தார். "பதிமூணா?" என்றார். ஆமாம் என்றார்கள். "பதிமூணா?" என்று திரும்பக் கேட்டார். யார் பக்கமும் பார்க்காமல் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து, எல்லார் முன்னாலும் அக்காவின் முதுகுப் பக்கம் கையைவிட்டு அந்த நெஞ்சுக் கட்டை அவிழ்த்தார். வாடிய பூ கொட்டியது. பிள்ளையை வாங்கி அக்காவின் மடியில் வைத்தார்.

அத்தையைக் கொடுமைக்காரி என்று பல வருஷம் நினைத்திருந்தேன். மச்சானுக்கு முன்னால் அவர் பெற்றதையெல்லாம் தேயிலை மலைக்குப் பின்னால் சின்னச் சின்னக் குழிகளில் வைத்துவிட்டு வந்தவர் என்பது எனக்குப் பேரப்பிள்ளை பிறந்த பிறகுதான் உறைத்தது. அவருக்குக் கிலோவும் தெரியாது ராத்தலும் தெரியாது. குறைகிறது என்ற சொல் ஒன்றுதான் தெரியும்.

எனக்கு என்ன கிடைத்தது? மச்சான் வந்ததும் பளார் என்று ஒன்று. பிள்ளையைக் கொக்கியில் தொங்கவிட்டதற்கு. அடுத்த கிழமை டொக்டர் ஐயா வந்தார், காக்கிக் கால்சட்டையோடு. கதையைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். கிளினிக்குக்குச் சொல்லியனுப்பினார். அதற்குப் பிறகு மிஸி தமிழ் படித்து "ஆறு கிலோ, ஏழு கிலோ" என்று வாலையும் சேர்த்துச் சொல்லத் தொடங்கினார். அதோடு கதை டொக்டர் ஐயாவின் கதையாகிவிட்டது. மச்சான் ஒவ்வொரு கல்யாண வீட்டிலும், "டொக்டர் ஐயா மட்டும் கண்டுபிடிக்காட்டி என் மகள் இல்ல" என்பார். நானும் அந்தப் பந்தியிலேயே உட்கார்ந்து சோறு தின்றிருக்கிறேன். அக்கா மட்டும் என் இலைக்கு இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றிவிட்டுப் போவாள். அதுதான் எனக்குக் கிடைத்த பட்டம்.

பிறகு நான் கண்டிக்கு வந்து தராசு பிடித்தேன். யார் வந்து "அரை" என்றாலும் "அரை என்ன?" என்று கேட்பேன். சந்தையில் எனக்கு 'என்ன முதலாளி' என்று பெயர். கேலியாக வைத்தார்கள். அந்தக் கேள்வியில்தான் என் மூன்று தட்டுக் கடையும் நிற்கிறது.

போன வருஷம் அக்காவை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். மருந்துக்காகக் கட்டிலிலேயே நிறுத்தார்கள். தாதி, "முப்பத்து நாலு கிலோ" என்று சொல்லி எழுதினார். அக்கா என் பக்கம் தலையைத் திருப்பினாள். "ராத்தல்ல எவ்வளவுடா?"

ரெண்டு மடங்கு, மேல ஒரு கைப்பிடி. "எழுபத்தஞ்சு அக்கா."

"எழுபத்தஞ்சா? அப்பப் பரவால்லடா," என்றாள். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சம் சிரித்தாள். ஆயிரம் அப்போது வெளியே டொக்டரோடு பேசிக்கொண்டிருந்தாள். கேட்கவில்லை.

எங்கள் வீட்டில் அந்தக் கதையைச் சொல்ல இப்போது நான் ஒருவன்தான் இருக்கிறேன். கணக்கப்பிள்ளை இல்லை, அத்தை இல்லை, மச்சான் இல்லை, இப்போது அக்காவும் இல்லை. மடுவத்தையும் இடித்துவிட்டார்கள். தராசு எந்தப் பழைய இரும்புக் கடைக்குப் போனதோ.

மலரில் என் மருமகள் ஆயிரம் எழுதியிருக்கிறாள்: 'என்னை ஆயிரத்தில் ஒரு பிள்ளை என்று தோட்டத்து வைத்தியர் பாராட்டியதால் ஆயிரம் என்ற செல்லப்பெயர் வந்ததாக என் தந்தை கூறுவார்.'

அம்மா ஆயிரம், மாமா சொல்கிறேன், கேள். அந்த வரியை எடுத்துவிடு. டொக்டர் ஐயா நல்ல மனுஷன், அவருக்கு வேறு நல்ல வரி போடு. உன் பெயர் கிரேக்கத்திலிருந்து பிரெஞ்சுக்காரன் கைக்கு வந்து, மாஸ்டரின் பிரம்பு வழியாக என் உள்ளங்கைக்கு வந்து, கொழுந்துக் கூடையில் உன் மேல் விழுந்தது. உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடியது யார், ஆறு என்ன என்று கேட்டது யார், கொக்கியில் மாட்டியது யார் என்று பெயர் போட்டு எழுது. கொக்கியில் மாட்டியது உன் அம்மா. மற்ற இரண்டும் நான். என் பெயருக்கு முன்னால் கடை முதலாளி என்று போடாதே, கோயில் கதவையும் இழுக்காதே. 'தாய்மாமன்' என்று போடு. போட்டுவிட்டு எனக்கு அனுப்பு. சரி பார்த்த பிறகுதான் விளம்பரத்துக்குக் கையெழுத்து.